பட்டம் படித்தவர் பட்டா படிக்கிறாரா?

மலேசியாவில் ஒரு வீட்டுக்கு இன்ன விலை தகும் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திடும் உரிமத்தைப் பெற ஐந்தாறு ஆண்டுகளாவது பிடிக்கும். அதே வீட்டை வாங்குபவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு இரண்டு நாள் வகுப்பு போதும். முதலாமவர் பல்கலைக்கழகத்தில் சொத்து நிர்வாகமோ மதிப்பீடோ படித்து, பயிற்சி மதிப்பீட்டாளராகப் பெயரைப் பதிந்து, உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் இரண்டு ஆண்டு வேலை பார்த்து, தொழில்திறன் தேர்விலும் தேற வேண்டும். இரண்டாமவர், 2014 முதல் நடப்பில் உள்ள ஏற்பாட்டின்படி, இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பை முடித்து, ஒரு முகவர் நிறுவனத்தின் பெயரில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நெகோஷியேட்டர் ஆகிவிடலாம். இருவரையும் கண்காணிப்பது ஒரே வாரியம். இருவருக்கும் அடிப்படை 1981ஆம் ஆண்டின் ஒரே சட்டம். சொத்துத் துறைப் படிப்புகள் மாணவர்களை வேலைக்கு எந்த அளவு தயார் செய்கின்றன என்ற கேள்வியை இந்த முரணிலிருந்துதான் தொடங்க வேண்டும். படித்தவருக்கும் படிக்காதவருக்கும் சந்தை பெரிதாக வித்தியாசம் பாராட்டாத ஒரு துறையில், நான்கு ஆண்டு எதற்கு என்று ஒரு மாணவி கேட்டால், பல்கலைக்கழகம் மட்டும் பதில் சொல்லித் தப்பிவிட முடியாது.

நிறுவனங்களின் புகார் நமக்கு மனப்பாடம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வருகிற பட்டதாரிக்கு அளவெடுக்கத் தெரியவில்லை, நில அலுவலகத்தில் எந்தக் கவுண்டருக்குப் போவதென்று தெரியவில்லை, வாடிக்கையாளரிடம் பேசத் தெரியவில்லை. ஆகவே பாடத்தைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டுங்கள் என்பது அவர்கள் கேட்பது. பல்கலைக்கழகங்களும் இந்தக் கோரிக்கைக்குத் தலையாட்டி, பாடத்திட்டத்தை மாற்றும்போதெல்லாம் மென்பொருள், தொடர்பாடல், தொழில்முனைவு என்று எதையாவது சேர்க்கின்றன. புகாரில் உண்மை உண்டு. ஆனால் அது சுட்டும் இடம் தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். வேலையிடத்தில் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளக்கூடியதைப் பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுக்காதது ஒரு குறையே அல்ல. வேலையிடத்தில் ஒருபோதும் கற்க முடியாததை, அதாவது இந்த நாட்டு நிலத்தின் சட்டத்தையும் வரலாற்றையும் கூட்டி வைத்து யோசிக்கும் பழக்கத்தை, ஆழமாகச் சொல்லிக் கொடுக்காததுதான் குறை. வேலையிடம் சொல்லித் தர வேண்டியதை அது சொல்லித் தராமல் நழுவுவது இன்னொரு குறை. இரண்டும் சேர்ந்துதான் பட்டதாரியை நடுத்தெருவில் விடுகின்றன.

'எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் வேலையில் இருக்கிறார்கள்' என்று துறைகள் காட்டும் கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டமளிப்பு விழாவையொட்டி உயர்கல்வி அமைச்சு ஆண்டுதோறும் பட்டதாரிகளின் நிலையை ஆராய்கிறது. அதில் வெளியாகும் விகிதத்தில் வேலையில் இருப்பவர்களோடு மேற்படிப்பில் சேர்ந்தவர்கள், திறன் பயிற்சி பெறுபவர்கள், வேலை உறுதியாகிக் காத்திருப்பவர்கள் எல்லாரும் அடக்கம். சொத்து நிர்வாகம் படித்துவிட்டுக் கைப்பேசிக் கடையில் நிற்பவரும் இந்தக் கணக்கில் வெற்றிதான். புள்ளிவிவரத் துறை வேறொரு கோணத்தில் அளக்கிறது: உயர்கல்வி முடித்து வேலையில் இருப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், அண்மை ஆண்டுகளில், தங்கள் தகுதிக்குக் குறைந்த பணிகளில்தான் இருக்கிறார்கள். சொத்துப் படிப்புக்கு மட்டும் இது எவ்வளவு என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியே எடுத்துச் சொன்னால்தான் பெற்றோருக்கு அது பயன்படும்.

பாடத்திட்டத்துக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழகமானாலும் ஷா ஆலாமைத் தலைமையகமாகக் கொண்ட யுஐடிஎம் ஆனாலும் ஜொகூரில் உள்ள யுடிஎம் ஆனாலும், பட்டத்தை வாரியம் அங்கீகரித்தால்தான் மாணவர் மதிப்பீட்டாளராகும் பாதையில் கால் வைக்க முடியும். அதனால் பாடங்களின் முதுகெலும்பு மதிப்பீடுதான். ஒப்பீடு, முதலீடு, எச்சம், செலவு, இலாபம் என்ற ஐந்து முறைகளையும் மாணவர்கள் பருவம் பருவமாகக் கரைத்துக் குடிக்கிறார்கள். ஆனால் படித்து வருபவர்கள் எல்லாரும் மதிப்பீட்டு நிறுவனத்தில் அமரப் போவதில்லை. அடுக்குமாடி நிர்வாகம், வங்கிக் கடன் பிரிவு, மேம்பாட்டு நிறுவனம், உள்ளாட்சி மன்றத்தின் வரிப் பிரிவு, ஏலம், வாடகை நிர்வாகம் என்று அவர்கள் சிதறுகிறார்கள். ஒரே ஒரு உரிமத்தைக் கண்முன் வைத்துத் தைத்த சட்டையை எல்லாருக்கும் போட்டு அனுப்புகிறோம். போதாக்குறைக்கு, இந்தப் பாடத்தின் சட்டகம் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவுக்குத் தைத்தது. கோட்பாட்டு நூல்களின் எடுத்துக்காட்டுகளில் லண்டன் அலுவலகக் கட்டடங்களின் வாடகை வருகிறது; கிள்ளான் நகரத்து ஜாலான் தெங்கு கிளானா கடைவரிசையின் வாடகை வருவது அரிது.

இந்த இடைவெளி எங்கே வலிக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு தாளைக் கையில் எடுத்தால் போதும். கிள்ளானில் ஒரு மாடி வரிசை வீடு விற்பனைக்கு வருகிறது. அதன் பட்டாவில், பேச்சில் நாம் கிராண்ட் என்பதில், நிலத்தின் பயன்பாட்டு வகை ஒரு வரி. வெளிப்படையான நிபந்தனை ஒரு வரி. உரிமைக் கட்டுப்பாடு ஒரு வரி. வகை 'கட்டடம்' என்று இருக்கும். நிபந்தனை 'குடியிருப்பு' என்று இருந்தால், முன்கூடத்தில் நடத்தும் டியூஷன் மையம் அதற்கு முரண். கட்டுப்பாட்டு வரியில் மாநில அதிகாரத்தின் இசைவின்றிக் கைமாற்றக் கூடாது என்றிருந்தால் விற்பனையின் நாட்காட்டியே மாறிவிடும். மறுவிற்பனை ஒப்பந்தங்களில் வழக்கமான கெடு மூன்று மாதம், கூடுதலாக ஒரு மாதம். இசைவு வேண்டிய வீட்டில் அந்தக் கெடு இசைவு கிடைத்த பிறகே ஓடத் தொடங்க வேண்டும். இது தெரியாத நெகோஷியேட்டர் 'நாலு மாசத்துல சாவி' என்று வாக்குக் கொடுப்பார். வாங்கும் குடும்பம் தற்போதைய வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு நிற்கும். 99 ஆண்டுக் குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம், கைமாற்றத்தைத் தடுக்கும் கேவியட்டை யாராவது போட்டிருக்கிறார்களா, எந்த வங்கியின் பெயரில் அடமானம் என்பதெல்லாம் அதே பட்டாவின் நில அலுவலகப் பதிவில் இருக்கின்றன. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தைத் தேர்வுக்காகப் படித்த மாணவிக்கு இந்தச் சொற்கள் எல்லாம் தெரியும். ஐம்பது பட்டாக்களை விரித்து வைத்து, ஒவ்வொன்றிலும் விலையை இழுத்துப் பிடிக்கும் வரி எது என்று ஒரு பேராசிரியர் அவரைக் குடைந்திருந்தால்தான் அந்த அறிவு கைக்கு இறங்கும். இதை நடைமுறைப் பயிற்சி என்று ஒதுக்கக் கூடாது. சட்டக் கல்வியின் உச்சமே இதுதான்.

அடுக்குமாடிகளில் கதை இன்னும் கடினம். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2015இல் நடப்புக்கு வந்த பிறகு, வீட்டு உரிமையாளர்களே கூட்டு நிர்வாக அமைப்பில் சேர்ந்து, மூன்று முதல் 14 பேர் வரையிலான செயற்குழுவைத் தேர்ந்தெடுத்து, கட்டடத்தை நடத்த வேண்டும். அதற்கு ஆள் வேண்டும் என்பதால்தான் 1981ஆம் ஆண்டின் சட்டமும் திருத்தப்பட்டு, 2018 முதல் சொத்து நிர்வாகியின் பெயரும் அதன் தலைப்பில் ஏறியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 வீடுகள், மாதம் 250 ரிங்கிட் பராமரிப்புக் கட்டணம். எல்லாரும் கட்டினால் மாதம் 50,000. அதோடு 10 விழுக்காடு சேம நிதிக்கு என்றால் மாதம் 5,000, ஆண்டுக்கு 60,000, பத்தாண்டில் 6 இலட்சம். மூன்றில் ஒருவர் கட்டாமல் இருந்தால் 4 இலட்சம்தான் தேறும். லிஃப்டை மாற்றவும் வெளிச்சுவர் பூசவும் தண்ணீர்த் தொட்டியைச் சீரமைக்கவும் வேண்டிய ஆண்டு வரும்போது இந்த வித்தியாசம்தான் கட்டடத்தின் தலையெழுத்தை எழுதும். கட்டாதவருக்கு 14 நாள் அறிவிப்பு அனுப்பலாம், 2,50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையோடு தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சட்டம் வழிகாட்டுகிறது. ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் மலாயும் ஆங்கிலமும் தமிழும் கேன்டனீஸும் கலந்து எழும் சத்தத்தின் நடுவே, கட்டாதவர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது இருபத்து மூன்று வயதுப் பட்டதாரி. நான்கு ஆண்டில் அவர் முதலீட்டு முறையில் வருவாய் விகிதத்தை நான்கு தசமம் வரை கணக்கிட்டிருப்பார். ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுதிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். இந்த நாட்டில் அடுக்குமாடிகள் பெருகும் வேகத்துக்கு அவற்றை நிர்வகிக்கும் பாடம் தலைவாசலில் இருக்க வேண்டும்; ஆனால் பின்கட்டில்தான் கிடக்கிறது.

மலாயாப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் அதிக தூரமில்லை. சொத்துப் படிப்புக்கு அதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. பழைய ரயில்வே யார்டு நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. ரயில்வே ஊழியர்களுக்காக 1905இல் கட்டப்பட்ட நூறு குவார்ட்டர்ஸ் இன்று இல்லை. 2010இல் லிட்டில் இந்தியா திறக்கப்பட்டது. 1904ஆம் ஆண்டு விவேகானந்தா ஆசிரமக் கட்டடத்தை ஒட்டிப் பல மாடிக் குடியிருப்பு கட்டும் திட்டம் 2014இல் வெளிவந்தபோது, எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் அது பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இங்கே ஒரு மாணவர் எழுத வேண்டிய அறிக்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நிலம் அறக்கட்டளையின் பெயரில். சுற்றிலும் கோபுரங்கள் எழுந்து விலையை ஏற்றியிருக்கின்றன. ஆனால் பாரம்பரிய அறிவிப்பு கட்டுமானத்தைக் கட்டிப் போடுகிறது. எச்ச முறையில் இதற்கு என்ன மதிப்பு? ஏற்றிய விலையில் எவ்வளவு கற்பனை, எவ்வளவு உரிமை? ஐந்து முறைகளும் ஒன்றோடொன்று மோதும் இந்த இடத்தில்தான் மதிப்பீட்டாளர் உருவாகிறார்.

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளானில் இறங்கினால் நிலச் சட்டத்தின் ஆட்சியே மாறிவிடுகிறது. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். கிள்ளான் சிலாங்கூரின் கீழ். அரசமைப்புப்படி நிலம் மாநில விவகாரம், ஆகவே இசைவும் பிரீமியமும் கட்டணமும் எல்லைக்கு எல்லை வேறு. கிள்ளான் சுற்றுவட்டார நகர்ப்பகுதிகளில் பல முன்பு ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். பண்டார் புக்கிட் ராஜா தன் பெயரிலேயே பழைய தோட்டத்தைச் சுமக்கிறது. 'விவசாயம்' என்ற வகை 'கட்டடம்' என்று மாறும் அந்த ஒற்றை வரியில்தான் நிலத்தின் மதிப்பு பன்மடங்காகப் பாய்கிறது. அந்த மாற்றத்துக்கு முன்னே அந்த மண்ணில் குடியிருந்த தோட்டத் தொழிலாளரின் பெயர் பட்டாவில் எங்கும் கிடையாது. தோட்டத் துண்டாடல் 1950களில் நம் குடும்பங்களை எப்படிச் சிதறடித்தது என்பதைப் பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து எழுதினார். அந்தத் துண்டாடலுக்கு விடையாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்தில் தோட்டங்களை வாங்கினார். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற இன்றும் தனி அனுமதி வேண்டும் என்ற நிலச் சட்டப் பிரிவு இந்த வரலாற்றின் மிச்சம். தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகளின் தலைவிதியும், 2018இல் சுபாங் ஜெயாவில் வெடித்த சீபீல்ட் ஆலய நில விவகாரம் போன்றவையும் இதே கேள்வியின் கிளைகள்தாம். நம் பிள்ளைகள் வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் கணக்காளராகவும் வர வேண்டுமென்று துடிக்கிறோம். இழப்பீட்டுத் தொகையையும் நிலத்தின் மதிப்பையும் முடிவு செய்யும் மேசையில் உட்காரும் தொழில் நம் கண்ணில் படுவதே இல்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இனி, மறுப்புகள். முதல் மறுப்பு கணினி: விலையை இயந்திரம் சொல்லிவிடும், பிறகு எதற்கு ஆழமான கல்வி? பக்கத்துப் பக்கத்தில் ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள் நிற்கும் புது நகர்ப்பகுதியில், அண்மையில் விற்ற விலைகளைத் திரட்டிச் சராசரி காட்டுவதை இயந்திரம் உண்மையிலேயே மனிதனைவிட வேகமாகச் செய்யும். கவலை அதனால்தான் இன்னும் கூடுகிறது. இன்றைய பாடத்திட்டம் மாணவரை அதிகம் பழக்குவது அந்த வழக்கமான அறிக்கைக்குத்தான். முதலில் கரையப் போவதும் அந்த வேலைதான். ஆசிரமத்தையும் கோயில் நிலத்தையும் குத்தகை முடியப்போகும் வீட்டையும் இயந்திரத்திடம் கொடுத்துப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. வங்கிக் கடனைப் பெரிதாக்க, ஒப்பந்த விலையை ஏற்றிக் காட்டி, 'எவ்வளவு வேல்யூ கொடுப்பீங்க' என்று நிறுவனம் நிறுவனமாகத் தொலைபேசியில் கேட்கும் பழக்கம் இத்துறையில் யாருக்கும் புதிதல்ல. அந்த அழைப்பை எடுக்கும் இளம் பட்டதாரிக்கு 'முடியாது' என்று சொல்லும் துணிவை எந்த மென்பொருளும் தராது.

இரண்டாவது மறுப்பு, விற்பனையைப் புத்தகம் கற்றுத் தராது என்பது. ஒப்புக்கொள்கிறேன். பட்டமே இல்லாமல் ஊர் ஊராக அலைந்து, நேர்மையாகப் பேசி, வாடிக்கையாளரைத் தலைமுறையாகக் கட்டிக் காக்கும் நெகோஷியேட்டர்கள் இருக்கிறார்கள். பட்டம் வைத்துக்கொண்டு ஒரு வீட்டையும் காட்டத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முகவர் கட்டணத்தின் உச்சவரம்பு 3 விழுக்காடு. 5 இலட்சம் ரிங்கிட் வீட்டில் அது 15,000. இவ்வளவு பணம் கைமாறும் இடத்தில் இரண்டு நாள் வகுப்பு போதுமா? சிங்கப்பூரில் 2010இல் தனி ஆணையம் அமைத்து, விற்பனை முகவர்களும் பாடம் படித்துத் தேர்வில் தேற வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கீழ்வாசல் இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கும்வரை, மேல்வாசல் வழியாக வரும் பட்டதாரியின் படிப்புக்குச் சந்தை விலை கொடுக்காது. பல்கலைக்கழகத்தின் தரத்தை வெளியிலிருந்து அரிப்பது இந்த ஏற்றத்தாழ்வுதான். இதைச் சரிசெய்ய வேண்டியது வாரியம்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. உள்ளூர் நிலத்தில் இவ்வளவு மூழ்கடித்தால் பட்டதாரி சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ துபாயிலோ பயன்படாமல் போய்விடுவாரே என்கிறார்கள். ஆனால் நம் நிலப் பதிவு முறையின் வேரே 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் இராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறைதான். ஒரு நிலச் சட்டத்தை அடிவரை தோண்டிப் பழகியவருக்கு இன்னொன்றைப் படிக்கச் சில மாதம் போதும். எல்லா ஊரையும் மேலோட்டமாகத் தொட்டவருக்கு எந்த ஊரும் கைவராது.

கடைசி மறுப்பு சிறு நிறுவனங்களுடையது. பயிற்சி மதிப்பீட்டாளரின் இரண்டு ஆண்டை நாங்கள் எப்படிச் சுமப்பது, பழக்கிவிட்டால் பெரிய நிறுவனம் தூக்கிக்கொண்டு போய்விடுகிறதே என்கிறார்கள். நியாயமான வருத்தம். ஆனால் இந்த இரண்டு ஆண்டில்தான் மாணவர் தொழிலாளி ஆகிறார். அங்கே யார் என்ன கற்றுக்கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே வகை வீட்டுக் கடன் அறிக்கையை இரண்டு ஆண்டும் தட்டச்சு செய்த பயிற்சி மதிப்பீட்டாளரும் பதிவேட்டில் இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்தான். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டும் 1 விழுக்காடு லெவியை இவர்களின் பயிற்சிக்கே திருப்பிவிடலாம். ஈராண்டு வகுப்பறை, ஈராண்டு தொழிலகம் என்ற ஏற்பாட்டை உயர்கல்வி அமைச்சு ஏற்கெனவே கொண்டுவந்திருக்கிறது. சொத்துத் துறையை அதற்குள் கொண்டுவர இடமிருக்கிறது. நிதி அமைச்சின் கீழ் உள்ள மதிப்பீட்டுத் துறைக்கு பாங்கியில் சொந்தப் பயிற்சிக் கழகமே உண்டு. வாரியம் ஒரு காரியத்தைச் செய்தால் போதும்: எந்த நிறுவனத்தில் எத்தனை பயிற்சி மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் எத்தனை ஆண்டில் உரிமம் பெற்றார்கள் என்று ஆண்டுதோறும் பெயரோடு வெளியிடட்டும். நல்ல நிறுவனங்களுக்கு அது விளம்பரம், மற்றவர்களுக்குச் சூடு.

இந்தக் குறைகளின் விலையையும் பார்ப்போம். 2024 இறுதியில் நாட்டில் கட்டி முடித்தும் விற்காமல் தேங்கிய வீடுகள் 23,149, மதிப்பு 13.94 பில்லியன் ரிங்கிட். ஒவ்வொரு திட்டத்துக்கும் முன்னால் ஒரு சந்தை ஆய்வு அறிக்கை இருந்திருக்கும். அதைப் பல இடங்களில் எழுதியவர் ஒரு சொத்துப் பட்டதாரியாகத்தான் இருப்பார். முதலாளிக்கு வேண்டியதை எழுதும் பழக்கத்தைப் பல்கலைக்கழகம் உண்டாக்கவில்லை. அதை எதிர்த்து நிற்கும் பயிற்சியையும் தரவில்லை.

எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து யுபியு விண்ணப்பத்தில் இந்தப் படிப்பைக் குறிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கட்டடத்தின் அழகையும் தரவரிசையையும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். போன ஆண்டு வெளியேறியவர்கள் எந்தெந்த வேலையில், எத்தனை பேர் என்று துறையிடம் கேளுங்கள். முதல் ஆண்டிலேயே உண்மையான பட்டாவை மாணவர் கையில் கொடுக்கிறார்களா, ஓர் அடுக்குமாடியின் ஆண்டுக் கூட்டத்துக்கு அழைத்துப் போகிறார்களா என்று கேளுங்கள். எண்களோடும் பெயர்களோடும் பதில் சொல்லும் துறையில் சேருங்கள். மழுப்புகிற துறைக்கு உங்கள் நான்கு ஆண்டைக் கொடுக்க வேண்டாம்.